ஆடி மாதத்து விசாரணை

என் அண்ணனை நான் சந்தேகித்தேன். அதை முதலிலேயே எழுதிவிடுவது முறை. அவரைப் பற்றிய எந்த நினைவையும் அந்தச் சந்தேகத்தை விலக்கிவிட்டு என்னால் எடுத்துப் பார்க்க முடிவதில்லை.

அண்ணன் பௌதிகம் படித்தவர். அதிலும் கருவிகளைத் தொடாத பிரிவு, கோட்பாட்டுப் பௌதிகம். சங்கரன்கோவிலில் பள்ளிப் படிப்பு, பாளையங்கோட்டையில் இன்டர்மீடியட், சென்னையில் ஆனர்ஸ் என்று ஒவ்வொரு படியிலும் உபகாரச் சம்பளம் பெற்று ஏறி, நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மூன்றாண்டுகள் கழித்து டாக்டர் பட்டத்தோடு திரும்பியவர், ஒரு மாசி மாதக் காலையில் எங்கள் வீட்டு மாடியறையில் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தார். பம்பாயில் அரசின் ஆதரவில் நடக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையம் அவருக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. உத்தரவு வரும்வரை வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று, உத்தரவு வரவில்லை.

நான் அப்போது திருநெல்வேலியில் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டின் கோடை விடுமுறை முழுவதும் அவரைக் கவனிப்பதில் கழிந்தது.

“அங்கன என்ன மிஷின்ல வேலை பாத்தே?” என்று ஒருநாள் சாப்பிடும்போது அப்பா கேட்டார். அப்பா தாலுகா கச்சேரியில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர்.

“மிஷின் இல்லப்பா. கணக்குதான்.”

“கணக்குப் போடவாலே கப்பலேறிப் போனே? அத இங்கனயே இருந்து போட்டிருக்கலாம்லா?”

“அங்கன கூடப் போட ஆள் இருந்துது. இங்கன நான் ஒருத்தன்தான்” என்று சொல்லி அண்ணன் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. முத்திரை குத்திய காகிதம் கைக்கு வரும்வரை எதையும் நம்பாத உத்தியோகம் பார்த்தவர் அவர். பட்டம் உண்மையாகவே கிடைத்ததா என்ற கேள்வியை அன்று அவர் சோற்றோடு சேர்த்து விழுங்கியதை நான் பார்த்தேன்.

அம்மாவுக்கு அந்தப் படிப்பு என்னவென்று தெரிய வேண்டியிருந்தது. “அணுவுக்கு நடுவுல ஒரு கரு இருக்கும்மா. அதுக்குள்ள கிடக்கிற துகள்லாம் ஒண்ணை ஒண்ணு எப்படிப் பிடிச்சு வச்சிருக்குன்னு பாக்கேன்” என்று அண்ணன் விளக்கினார்.

“பிடிச்சு வச்சிருந்தா இருந்துட்டுப் போகுது. நீ எதுக்கு அதப் போட்டு நோண்டுதே?” என்றாள் அம்மா.

எனக்கு அந்த உரையாடலில் ‘அணு’ என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. ஜப்பானில் இரண்டு ஊர்கள் அழிந்த செய்தியை வகுப்பில் ஆசிரியை நாளிதழிலிருந்து வாசித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தச் சொல்லை ஓர் ஆள் சாம்பாரோடு சேர்த்து இவ்வளவு இயல்பாகச் சொல்வதை நான் விரும்பவில்லை.

அதன்பின் ஒவ்வொன்றும் கண்ணில் பட்டது. எழுதிய தாள்களை அவர் நண்பகலில் நான்காகக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டார். வெளிநாட்டுக் கடிதங்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று வந்தன. எல்லாவற்றையும் மேசைமேல் திறந்தே போட்டு வைப்பவர், ஒன்றை மட்டும் தடித்த புத்தகம் ஒன்றின் நடுவில் செருகி வைத்தார். அதன் உறையிலிருந்த அஞ்சல்தலையின் எழுத்து எனக்குத் தெரிந்த எந்த எழுத்தாகவும் இல்லை. பொதுவுடைமைக்காரர்கள் என்று சொல்லி நெல்லைச் சீமையெங்கும் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்கள் முற்றும் ஓய்ந்திராத நேரம் அது.

ஒருமுறை அடுப்பிலிருந்து பாதி கருகிய தாளொன்றை எடுத்துப் பார்த்தேன். ஒரே வரி, மேலிருந்து கீழாகப் பதினான்கு முறை எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு குறி மட்டும் மாறியிருந்தது. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிக்கிற எவருக்கும் அது என்ன வேலை என்று உடனே தெரியும். சரியான பாடத்தைத் தேடுகிறவன் அப்படித்தான் எழுதுவான். என் படிப்பு எனக்குச் சரியான பொருளைச் சொல்லிற்று. நான் அதைத் தள்ளிவிட்டுச் சங்கேத எழுத்து என்று முடிவு செய்தேன்.

ஆடித்தபசுக்காக நான்கு நாள் விடுப்பில் மறுபடி ஊருக்கு வந்திருந்தேன். திருவிழாக் கூட்டத்தில் வெளியூர் முகம் ஒன்று யார் கண்ணையும் உறுத்தாது. அப்படி ஓர் ஆள், நாற்பது வயதிருக்கும், வெள்ளை வேட்டியும் அரைக்கைச் சட்டையும் குடையுமாக எங்கள் தெருவில் இரண்டு நாட்களாக நடமாடினார். முதலில் எதிர்ச்சாரிப் பலசரக்குக் கடையில் வெற்றிலை வாங்கினார். பிறகு தபால்காரரோடு காப்பி குடித்தார். மறுநாள் பக்கத்து வீட்டு மதினியிடம் முகவரி கேட்டார்.

இந்த வரிசை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஆள் அனுப்பினால் அவர் எதிர்க் கடையில் தொடங்கி, அடுத்த வீட்டைத் தொட்டு, கடைசியில்தான் தண்ணீர் கேட்கிற சாக்கில் உரிய வீட்டுக்கு வருவார். தாம் யார் என்று அவர் சொல்வதில்லை. அவரை யார் என்று கேட்பதும் மரியாதை ஆகாது. கேட்கப்படுகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு: கூடிவருகிற கல்யாணம் தங்கள் வாயால் கலைந்தது என்ற பேச்சு வரக்கூடாது. ஆகவே குறை எதையும் சொல்லமாட்டார்கள்.

மதினி கொல்லைப்புற வாசல் வழியாக ஓடிவந்தாள்.

“ஏட்டி, உங்க அண்ணனுக்கு யோகம் வந்துட்டு. பொண்ணு வீட்டு ஆள் வந்து விசாரிக்காவ.”

“பொண்ணு வீடுன்னு அவங்க சொன்னாங்களா?”

“அதச் சொல்லுவாவளாக்கும்? கேக்கிற கேள்வியிலயே தெரியாதா? பையன் எப்படி, யாரு யாரு வந்து போறாவ, ராத்திரி வீடு தங்குதானா, சிநேகிதம் சேர்க்கை எப்படி… ஒண்ணு விடாமக் கேட்டாவ. தங்கக் கம்பின்னேன். சீமைக்குப் போயிருந்தானாமேன்னு ஒரு கொக்கி போட்டாவ பாரு! போகவே இல்ல, மெட்ராஸ்லதான் படிச்சான்னு ஒரே போடாப் போட்டேன்.”

“எதுக்கு மதினி அப்படிச் சொன்னீங்க?”

“சீமைக்குப் போயி வந்தவன்னா அங்கன ஒரு வெள்ளைக்காரி இருப்பாளோன்னு பொண்ணப் பெத்தவுகளுக்கு வயித்தக் கலக்காதா? உங்க வீட்டுக்கு எதிரா நான் பேசுவனா?”

“ஆடியில யாரு மதினி மாப்பிள்ளை விசாரிக்கா?”

“ஆடியில விசாரிச்சு வச்சுக்கிட்டு ஆவணியில தட்டத் தூக்கிட்டு வாராவ. பழைய ஏட்டப் படிக்கிறவளுக்கு இதெல்லாம் எங்கன தெரியும்?”

மதினிக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு இல்லை. மகள் கல்யாணத்தின் முதல் காலடியை ஆடியில் எடுத்து வைக்கிற தகப்பனை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

மூன்றாம் நாள் முற்பகலில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கோவிலுக்குப் போயிருந்தார். அண்ணன் ஒரு புத்தகம் தேடித் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். தண்ணீர் கேட்டவருக்கு அம்மா மோர் கரைத்து என்னிடம் கொடுத்து அனுப்பினாள். முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரை வாங்கியபோது அவருடைய வேட்டி சற்றே ஏறிற்று. முழங்கால் கருத்திருந்தது. அதற்குக் கீழே கணுக்கால்வரை, வெயிலே காணாத தோல் வெளுத்துக் கிடந்தது. அரைக்கால் சட்டைக்குக் கீழே முழங்காலைத் திறந்துவிட்டுக் கெண்டைக்காலை மட்டும் நாள்தோறும் பட்டி சுற்றி மூடுகிற உடுப்பு ஒன்றுதான் உண்டு. அதை அன்று காலையில்கூடத் தேரடியில் கூட்டத்தை விலக்கியவர்கள்மேல் பார்த்திருந்தேன்.

“தம்பி வீட்டுல இல்லையோ?”

“இல்லை.”

“நீங்க தங்கச்சியாக்கும். என்ன படிக்கீங்க?”

“தமிழ்.”

“நல்லதும்மா. தம்பிக்கு வெளிநாட்டுல சிநேகிதம் உண்டோ? அங்கன இருந்து கடுதாசி ஏதும் வருமோ?”

“வராது” என்றேன்.

“ஒண்ணுகூட?”

“ஒண்ணுகூட.”

அவர் மோரைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அம்மாட்ட சொல்லுங்க, மோர் நல்லாருந்துது” என்று சொல்லிப் போனார்.

அவர் போனதும் மாடிக்குப் போய் அந்தத் தடித்த புத்தகத்தின் முன்னால் நின்றேன். கடிதத்தை எடுத்துப் படித்திருக்கலாம். பிறர் கடிதத்தைப் படிப்பது முறையன்று என்று விட்டுவிட்டேன். சற்று முன் பொய் சொன்னபோது அப்படி ஒரு தயக்கம் வந்ததாக நினைவில்லை.

புரட்டாசியில் பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. சரசுவதி பூசை விடுமுறைக்கு நான் வந்திருந்தேன். அண்ணன் அதை ஒருமுறை தமக்குள் படித்துவிட்டு அப்பாவுக்குத் தமிழில் சொன்னார். விண்ணப்பத்தில் மூன்றாண்டு இங்கிலாந்து வாசம் குறிக்கப்பட்டிருக்கிறது. உள்ளூர் விசாரணையில் அந்த ஆள் சென்னையைத் தாண்டியதே இல்லை என்று தெரிகிறது. வெளிநாட்டுக் கடிதப் பழக்கம் உண்டென்று ஐந்து பெயர்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அப்படி எதுவும் இல்லை என்று தபால்காரரும் வீட்டாரும் சொல்கிறார்கள். விண்ணப்பித்தவரும் இந்த முகவரியில் இருப்பவரும் ஒரே ஆள்தானா என்பதே ஐயமாயிருக்கிறது. ஆண்டு முடிவதற்குள் இது தெளியாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

“அந்த இடம் இல்லேன்னா?” என்று அப்பா கேட்டார்.

“இந்த வேலை செய்ய நாட்டுல வேற இடம் இல்லப்பா. ஏதாவது காலேஜ்ல தராசும் தெர்மாமீட்டரும் வச்சுப் பாடம் நடத்தலாம்.” சொல்லும்போது அவர் குரலில் ஏளனம் இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்தபின் அவர் முகத்தில் அச்சத்தை நான் பார்த்தது அன்றுதான்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார். மதினியும் தபால்காரரும் அங்கேயே இருந்தார்கள். வாசலில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

“ஆடியில வந்த ஆளுகிட்ட நீரு என்ன வே சொன்னீரு?”

“நல்லதுதான் சொன்னேன், அண்ணாச்சி” என்றார் கடைக்காரர். “கப்பலையே கண்ணால பாக்காத பையன்னு சொன்னேன்.”

“அவன் தூத்துக்குடியில போயி ஒரு கப்பலப் பாத்திருந்தாக்கூட அது பொய்யாப் போகுமே வே!” என்று அப்பா கத்தினார். “தபாலு, நீரு?”

“வெளிநாட்டு ஸ்டாம்பே நான் இந்தத் தெருவுல கொண்டாந்தது இல்லன்னேன்” என்றார் தபால்காரர், பையைத் தோளில் மாற்றிக்கொண்டே. “போன வாரம்கூட ரெண்டு குடுத்தேன். கல்யாணக் காரியமாச்சேன்னு…”

“அது போலீஸ் வே!”

கடைக்காரர் கையிலிருந்த தராசைக் கீழே வைத்தார். பிறகு மதினி, “அப்பம் பொண்ணு இல்லையா?” என்று கேட்டாள். அவள் குரலில் உண்மையான ஏமாற்றம் இருந்தது. “போலீஸ்காரன்னா வந்து போலீஸ்னு சொல்ல வேண்டாமா? மாப்பிள்ளை பாக்க வந்தவன் மாதிரி பவ்வியமாக் கேட்டா நாங்க என்ன செய்வோம்?”

வாசலில் என்னோடு நின்ற அண்ணன் சிரித்துவிட்டார். கடிதம் வந்தபின் முதல் சிரிப்பு. அதே சிரிப்போடு வீட்டுக்குள் வந்து, அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்த இடத்தில், பின்னால் வந்த என்னைப் பார்த்து நின்றார்.

“வீட்டாரும்னு எழுதியிருக்கே, அது நீதானா? நீயும் கல்யாணம்னுதான் நினைச்சியா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்தத் தெருவின் மன்னிப்பில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கும். கேள்வியிலேயே அதற்கான பதிலை அவர் எடுத்துக் கையில் கொடுத்திருந்தார்.

“இல்ல. போலீஸ்னு தெரியும்.”

அம்மாவின் கை அரிவாள்மணையில் நின்றுவிட்டது.

“தெரிஞ்சா சொன்னே?” என்றார் அண்ணன்.

“தெரிஞ்சதுனாலதான் சொன்னேன்.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு கணக்கில் எந்த இடத்தில் பிழை என்று தேடுகிற பார்வை. கண்டுபிடித்ததும் அது விலகிற்று. மாடிக்குப் போய், அந்தத் தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன் விரித்து, நடுவிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார்.

“படி.”

இங்கிலாந்தில் அவரோடு படித்த ஒருவர் எழுதியது. சொந்த நாட்டுக்குத் திரும்பியபின் வெளியே வர அனுமதி இல்லை. வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களும் வருவதில்லை. இந்தப் புத்தகத்தின் நான்கு பக்கங்களைக் கையால் பார்த்து எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். கீழே தம் குழந்தைக்குப் பல் முளைத்திருப்பதாக ஒரு வரி.

“இத ஏன் ஒளிச்சு வச்சீங்க?”

“ஒளிக்கலையே. எந்த நாலு பக்கம்னு மறக்காம இருக்க அந்தப் பக்கத்துல வச்சேன்.”

பாஸ்போர்ட்டைக் காட்டினால் தீர்ந்தது என்று அப்பா நம்பினார். தீரவில்லை. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். கூடவே கடைக்காரரும் மதினியின் கணவரும் தபால்காரரும் போய்த் தங்கள் வாக்குமூலத்தைத் திருத்திக்கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டார். “ஆடியில மெட்ராஸ்ல படிச்சவன் ஐப்பசியில லண்டன்ல படிச்சிட்டானா? தெருவோட எல்லாரும் ஒரே மாதிரி மாத்திச் சொன்னா, சொல்லிக்குடுத்தது யாருன்னுதான் நான் கேக்கணும்” என்றாராம். பயணம் உண்மை என்றே ஆகட்டும். கடிதங்களை ஒரு தெருவே சேர்ந்து ஏன் மறைத்தது என்பது அவருடைய கேள்வி. அதற்குக் கல்யாணத்தைக் காரணமாகச் சொன்னபோது, பெண் யார் என்று அவர் கேட்டிருக்கிறார். இல்லாத பெண்ணுக்கு யாரால் பெயர் சொல்ல முடியும்?

அடுத்த வாரம் நான் அப்பாவோடு போனேன். ஸ்டேஷனுக்குள் நான் நுழைந்தது அன்று ஒருநாள்தான். இரண்டு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எனக்கு நினைவிருந்த கடிதங்கள் ஒவ்வொன்றும் எந்த மாதம் வந்தது, எந்த நாட்டு அஞ்சல்தலை என்று எழுதியிருந்தேன். வந்தவர் போலீஸ் என்று அறிந்தே பொய் சொன்னேன் என்றும், அண்ணன் கேட்டுக்கொண்டு அதைச் செய்யவில்லை என்றும், அவரை நானே சந்தேகித்ததுதான் காரணம் என்றும் முடித்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். “தெரிஞ்சே பொய் சொன்னேன்னு எழுதிக் குடுக்கியே, அம்மா. இது உன் காலேஜுக்குப் போச்சுன்னா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் இன்ஸ்பெக்டரையே பார்த்து, “போகட்டும்” என்றேன்.

அறையின் மூலையில் ஆடியில் வந்தவர் உடுப்போடு நின்றார். வெளியூர் ஏட்டு ஒருவர் என்று தெரிந்தது. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். “நான் போலீஸ்னு எப்படிம்மா கண்டுபிடிச்சே?” அவருடைய கெண்டைக்காலைப் பற்றி நான் எப்படிச் சொல்வது? “ஆடி மாசம்” என்றேன். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர், “கேட்டீரா வே, அடுத்த தடவை ஆவணியில போரும்” என்று சொல்லிவிட்டு என் தாளில் முத்திரை குத்தினார். அந்தத் தெருவிலிருந்து வந்த வாக்குமூலங்களில் எழுதியவருக்கே கேடு தரக்கூடியது அது ஒன்றுதான்; அதனால் அதை நம்பினார் என்று அப்பா பின்னர் சொன்னார். கல்லூரிக்கு எதுவும் போகவில்லை.

தை மாதம் உத்தரவு வந்தது. அப்பா அதன் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தபின் மகனுடைய பட்டத்தையும் நம்பினார். அண்ணனை வழியனுப்ப ரயிலடிக்குக் கடைக்காரர் வந்தார், தபால்காரர் வந்தார், மதினி முறுக்குச் சுற்றிக் கொண்டுவந்தாள். என்னிடம் அண்ணன், “நல்லாப் படி” என்றார். அந்த இரண்டு சொற்களையும் அதன்பின் பலவாறு பிரித்துப் பார்த்துவிட்டேன்.

பம்பாயில் அவர் நன்றாக இருக்கிறார். இரண்டு கட்டுரைகள் வெளிவந்துவிட்டன. அவற்றில் ஒன்றைப் பற்றி ஜப்பானிலிருந்து ஒருவர் கேள்வி கேட்டு எழுதினாராம். இவையெல்லாம் எனக்குக் கார்டில் தெரிந்தவை. போன நாள்முதல் அவர் எனக்கு உறையில் எழுதியதே இல்லை. எல்லாம் வீட்டு முகவரிக்கு வரும் திறந்த கார்டு, யாரும் படிக்கலாம். தபால்காரர் அதைக் கடை வாசலில் உரக்கப் படித்து, “அண்ணனுக்கு ஒரு குறி தப்பாப் போயிருந்துதாம், பிடிச்சிட்டாராம்” என்று தெருவுக்கு அறிவித்தபின்தான் வீட்டில் கொடுக்கிறார்.

அப்பாவுக்கு அவர் உறையில் எழுதுகிறார். அம்மாவுக்கும் அதே உறைக்குள் ஒரு தாள் இருக்கும். எனக்கு மட்டும் கார்டு. அதில் கசப்பான ஒரு சொல்லும் இல்லை. நான் என்ன படிக்கிறேன் என்று கேட்பார், பம்பாய் மழையைப் பற்றி எழுதுவார், என் தேர்வு முடிவுக்கு மகிழ்ந்து எழுதியிருக்கிறார். மறைக்க ஒன்றும் இல்லை என்று காட்டுகிறாரா, அல்லது இனி மூடிய எதையும் என்னிடம் தருவதில்லை என்று முடிவு செய்துவிட்டாரா என்று ஒவ்வொரு கார்டையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கார்டு மலிவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சென்ற மாதம் அதை நேராகவே கேட்டு, உறையை ஒட்டி அனுப்பினேன். பதிலும் கார்டில்தான் வந்தது. பதினோரு வரி. அணுக்கருவைப் பற்றி ஆறு, புதிதாகக் குடிபோன அறையின் சன்னலைப் பற்றி ஐந்து. என் கேள்வியைப் பற்றி ஒன்றும் இல்லை. தபால்காரரும் கடைக்காரரும் படிக்கிற கார்டில் அதை எப்படி எழுதுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று காலை மறுபடி கேட்டு எழுதியிருக்கிறேன்.